பதினொரு மணி நகல்

எங்கள் அபார்ட்மெண்டில் தினமும் காலை பதினொரு மணிக்கு எல்லார் ஞாபகத்தையும் பேக்கப் எடுப்பார்கள். வேலையை நிறுத்த வேண்டாம். மணி அடித்ததும் மூன்று விநாடி அசையாமல் நின்றால் போதும், நகல் பாதியில் அறுபடாது. அதற்கென்றே முந்தானையைச் சரிசெய்து, முகத்தைச் சாந்தமாக வைத்துக்கொள்வோம்.

அன்று மறந்துவிட்டேன். எதிர்வீட்டு தர்ஷினி, மகள் நிச்சயதார்த்தம் நின்றுபோனதைப் பற்றி உள்ளே பேசிக்கொண்டிருந்தாள். என் காது அவள் கதவில். சட்டென்று கதவு திறந்தது, மணியும் அடித்தது. மூன்று விநாடி அவள் என்னையே பார்த்தபடி நின்றாள்.

பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "போங்கக்கா, இந்த வயசுல ஒட்டுக் கேட்டுக்கிட்டு" என்று சிரித்தாள். காபிகூடக் கொடுத்தாள்.

மதியம் படியில் வழுக்கி விழுந்தாள், தலையில் அடி. ஆஸ்பத்திரியில் பதினொரு மணி நகலைத்தான் அவளுக்குள் திரும்ப ஏற்றினார்கள். ஆரஞ்சு வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். கண் திறந்ததும், "வெக்கமா இல்ல உங்களுக்கு? வெளிய போங்க!" என்றாள்.

அவள் என்னை மன்னித்தது இப்போது எனக்கு மட்டும்தான் தெரியும். வம்பளக்கிற நான் சொன்னால் இந்த அபார்ட்மெண்டில் யார் நம்புவார்கள்?