வைத்தீஸ்வரன் கோயில் மொட்டை

நாலு நாள் நடவு நட்ட இடுப்பைப் போல வானதிக்கு உடம்பெல்லாம் வலித்தது. தஞ்சாவூரில் புற்றுநோய்க்கு மூன்றாம் தடவை மருந்து ஏற்றிக்கொண்டு அன்றுதான் வந்திருந்தாள்.

பத்து வயது மகள் நிறைமதிக்கு விஷயம் தெரியக் கூடாது என்பது குடும்பத்தின் தீர்மானம். அம்மா படுத்ததிலிருந்து சோறு வடிப்பதும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதும் அந்தப் பிள்ளைதான். அதையெல்லாம் தாங்குகிற மனசு இதை மட்டும் தாங்காதாம். அதனால் முடி கொட்டியதும், வைத்தீஸ்வரன் கோயிலில் மொட்டை போட்டதாகச் சொல்லித் தலையில் சந்தனமும் பூசியாயிற்று.

பார்க்க வந்த நாத்தனார் ஷோபனா, "அண்ணிக்கு என்னா பக்தி!" என்று மெச்சிவிட்டு, கொல்லைக்குப் போய் ஓவென்று அழுதாள்.

நிறைமதி தண்ணீர்ச் செம்போடு பின்னாலேயே போனாள்.

"மெதுவா அழுங்க அத்தை. அம்மா காதுல விழப்போவுது."

திரும்பி வந்து அம்மாவின் காலைப் பிடித்துவிட்டாள்.

"ஏம்மா, சாமி புருவத்தையுமா கேட்டுச்சு?"

வானதியின் கை, புருவம் இருந்த இடத்தைத் தடவிப் பார்த்தது.

"எனக்கு அப்பவே தெரியும். சொன்னா நீங்கள்லாம் தாங்க மாட்டீங்கன்னுதான் சொல்லல. ஆனா சாமி பேரைச் சொல்லி ஏமாத்திட்டியேம்மா. முடி முழுசா வளரட்டும், நானே கூட்டிக்கிட்டுப் போறேன். அதுவரைக்கும் எங்கயும் போயிடாத. வைத்தீஸ்வரனுக்கு உன் முடி இன்னும் பாக்கி."