நீல நிற பஸ்

"அநியாயம்ங்க! என் மூணு மாச உழைப்பு வெளியே. அவங்க நீல பஸ் மட்டும் உள்ளேயா?"

ஆபீஸில் 'சோடாபுட்டி' என்று பெயர் வாங்கியவன் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். கோபம் வந்தால் துடைப்பான். அன்று துடைத்த துடைப்பில் கண்ணாடியே தேய்ந்திருக்கும்.

பஸ் எங்கே வருகிறது என்று செல்போனில் காட்டுகிற ஆப் செய்யும் சின்ன ஆபீஸ் அது. மறுநாள் காலை புது ரிலீஸ். அன்று சாயங்காலம் ஃப்ரீஸ். அதற்குப் பிறகு ஒரு புள்ளியைக்கூட மாற்றக் கூடாது. எதை உள்ளே விடலாம், எதை நிறுத்தலாம் என்று முடிவு செய்வது டீம் லீடர். அவருக்கு ஆபீஸ் வைத்த பெயர் 'பூட்டு அக்கா'.

ஒரு ரிலீஸுக்கு மூன்று பேருடைய அப்டேட்தான். இடம் கிடைத்த மூன்று பேர் மட்டும்தான் அந்த வாரம் ட்யூட்டி போனை முறை போட்டுத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். எந்த ஊரில் ஆப் தகராறு செய்தாலும் ஓடி வர வேண்டும். அப்படியும் அந்த இடத்துக்கு அடிதடிதான்.

சோடாபுட்டி செய்தது, பஸ் தாமதமானால் காத்திருப்பவரிடம் குரலில் சொல்லும் அப்டேட். முழுக்க முழுக்க அவனே தனியாகச் செய்த முதல் வேலை. குழந்தை பிறப்பதற்குள் அது ஊருக்குள் ஓட வேண்டும் என்று ஆசை.

நேரே பூட்டு அக்காவின் மேஜைக்குப் போனான்.

"அக்கா, என்னுது ஏன் நின்னுச்சு?"

"இன்னும் கொஞ்சம் வேகட்டும் தம்பி. அடுத்த ரிலீஸ்ல முதல் பேர் உன்னுது."

"கருகிப் போற அளவுக்கு வெந்தாச்சுக்கா! எல்லா டெஸ்ட்டும் பாஸ். உங்களுது என்ன? பச்சை பஸ் படத்தை நீலமா மாத்தியிருக்கீங்க. அது மட்டும் வெந்துடுச்சா?"

ஆபீஸே திரும்பிப் பார்த்தது.

"நீலம் கண்ணுக்குக் குளிர்ச்சிப்பா," என்றார் பூட்டு அக்கா, தலையைத் தூக்காமல்.

ஃப்ரீஸ் ஆனது.

"பதவி இருந்தா பஸ்ஸுக்குப் பெயின்ட் அடிக்கிறதும் பெரிய வேலைதான்," என்று கிசுகிசுத்தாள் பக்கத்து சீட்டுக்காரி. அவளுடைய அப்டேட் உள்ளே போயிருந்தது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் கொட்டித் தீர்த்தான். அவள் நிறைமாத வயிற்றைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

"போகட்டும் விடுங்க. உங்க பஸ் கிளம்பும்போது நம்ம பிள்ளையும் ஏறிக்கும்."

பிள்ளைக்கு அவ்வளவு பொறுமை இல்லை. விடிந்தும் விடியாமல் வலி எடுத்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் மனைவியின் கையைப் பிடித்த பிடி விடாமல் நின்றான் சோடாபுட்டி. அவள் பிடித்த பிடியில் இவன் கைதான் சிவந்தது. மதியம் ஆண்டவன் புண்ணியத்தில் தங்கச்சிலை மாதிரி ஒரு பெண் குழந்தை. தாயும் சேயும் நலம்.

பக்கத்து சீட்டுக்காரி போனில் கூப்பிட்டாள்.

"வாழ்த்துகள்ப்பா! நீ தப்பிச்சே. காலையில ரிலீஸ் ஆனதுலேருந்து மேப்புல பஸ் எல்லாம் ஆத்துக்கு நடுவுல நிக்குது. ட்யூட்டி போன் ஓயவே இல்லை. இன்னிக்கு முறை பூட்டு அக்காவுக்கு. பாவம், டிபன் டப்பாவைக்கூடத் திறக்கலை."

'நல்லா வேணும்' என்று சொல்ல வாயெடுத்தான். வரவில்லை. அவன் விரலைக் குழந்தை இறுக்கிப் பிடித்திருந்தது.

பூட்டு அக்காவுக்குப் போன் போட்டான்.

"அக்கா, பொண்ணு பொறந்திருக்கா!"

"கடவுளே, நல்லா இருக்கட்டும்! ரெண்டு பேரும் சௌக்கியமா? யார் ஜாடை?"

பின்னால் ட்யூட்டி போன் அலறுவது கேட்டது.

"அவ அம்மா ஜாடை. அக்கா... ஒண்ணு கேக்கட்டுமா? பஸ்ஸுக்கு எதுக்கு நீலம்?"

பூட்டு அக்கா சிரித்தார்.

"எப்ப வேணாலும் வலி வரலாம்னு நீதானே ஆபீஸ் பூரா சொல்லிட்டுத் திரிஞ்சே? உன்னுதை உள்ளே விட்டிருந்தா ட்யூட்டி போனை யார்கிட்டயாவது குடுத்திருப்பியா நீ? அப்புறம், உன் முறையை நான் எடுத்துக்கணும்னா எனக்கும் ஒரு அப்டேட் வேணாமா தம்பி?"