இன்னும் இரண்டு கிலோ

"எம்புட்டு இருக்கு? சத்தமாச் சொல்லு முனீசு."

கிளினிக் எடை மெஷின் மேல் விறைப்பாக நின்றுகொண்டு கேட்டான் சோலைராஜ். குனிந்து பார்த்தால் எண் மாறிவிடும் என்று அவன் மனைவி முனீஸ்வரி முன்பே சொல்லி வைத்திருந்ததால், எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

முனீஸ்வரி குனிந்து பார்த்தாள். எண்பது. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"எண்பத்திரண்டு" என்றாள், கண்ணிமைக்காமல்.

"போன தடவையும் அதான சொன்ன? அதுக்கு முந்தின தடவையும் அதான். விடியமுன்ன எந்திரிச்சுத் தின்னதெல்லாம் வீணாப் போச்சா?"

"ஏழு மணி ஒங்களுக்கு விடியமுன்னயா? இன்னும் ரெண்டு கிலோதான். நிறுத்திராதிய."

ஸ்ரீவில்லிபுத்தூரில் டாக்டர் ஜாஸ்மின் நடத்தும் கிளினிக்கில் முனீஸ்வரி நர்ஸ். ஆறு வருட சர்வீஸில் ஒரு ஊசியைக்கூட மாற்றிப் போட்டதில்லை. அப்படிப்பட்டவள், கட்டிய புருஷனின் எடையில் இரண்டு கிலோவைக் கூசாமல் கூட்டிச் சொல்லிவிட்டாள். காரணம் இல்லாமல் இல்லை.

சோலைராஜுக்கு ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலை. இரண்டு வருடமாக இரண்டாவது ஷிப்ட்தான். அவன் வீடு திரும்பும்போது அவள் பாதித் தூக்கத்தைத் தாண்டியிருப்பாள். காலை எட்டு மணி பஸ்ஸுக்கு அவள் ஓடும்போது அவன் குறட்டை விட்டுக்கொண்டிருப்பான். இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆனது ஊருக்கே தெரியும். அவர்களுக்குத்தான் சில நாள் சந்தேகமாக இருக்கும்.

ஷிப்ட் முடிந்ததும் ரோட்டுக் கடையில் நாலு புரோட்டா, வயிறு முட்ட சால்னா, வந்ததும் படுக்கை என்று இருந்ததில் அவன் எடை தொண்ணூற்றொன்றைத் தொட்டது. டாக்டர் அவனை வரவழைத்து உட்கார வைத்தார்.

"என்ன சாப்பிடுறீங்கங்கிறது இருக்கட்டும். எப்பச் சாப்பிடுறீங்க? ஒரு நாள் சாப்பாட்டுல பாதியைக் காலையிலயே முடிச்சிருங்க. ராத்திரி ஏழு மணிக்கு மேல தண்ணி மட்டும்தான். எண்பது கிலோ வந்துட்டா, பொறவு கொஞ்சம் விட்டுப் பிடிக்கலாம்."

டாக்டர் சொன்னது காலை என்று மட்டும்தான். அதை ஏழு மணி என்று குறித்தவள் முனீஸ்வரி.

மறுநாளிலிருந்து ஏழு மணிக்கு அவன் முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பி, தட்டின் முன்னால் உட்கார்த்தினாள். முதல் இரண்டு இட்லி கண்ணை மூடிக்கொண்டே உள்ளே போகும். மூன்றாவதில் கண் திறக்கும். முட்டையும் சுண்டலும் வருவதற்குள் வாய் திறந்துவிடும். மில்லில் சூப்பர்வைசர் தூங்கி விழுந்த கதையை அவன் சொல்வான். ஊசிக்குப் பயந்து கட்டிலுக்கு அடியில் ஒளிந்த மீசைக்காரரைப் பற்றி அவள் சொல்வாள். சிரித்துச் சிரித்துப் புரையேறும். கல்யாணமான புதிதில்கூட இரண்டு பேரும் இவ்வளவு பேசியதில்லை. அந்த முக்கால் மணி நேரம் முனீஸ்வரிக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

ஆனால் அவன் தினமும் புலம்புவான்: "எண்பது வரட்டும் ஏட்டி, மறுநாளே பத்து மணி வரைக்கும் தூங்குதேனா இல்லையா பாரு. எழுப்புனா கெட்ட கோவம் வரும்."

பிறகு அவள் எப்படி எண்பது என்று சொல்வாள்?

"என்ன முனீஸ்வரி, எவ்வளவு?" என்று கேட்டுக்கொண்டே டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்தார்.

"எண்பத்திரண்டு மேடம்."

டாக்டர் சோலைராஜை ஏற இறங்கப் பார்த்தார். "பெல்ட்டு இல்லாட்டி பேன்ட் நிக்காது போலிருக்கு. கன்னமும் வத்தியிருக்கு. எடை மட்டும் அசையவே இல்லையா? திரும்ப ஏறுங்க, நானே பாக்கிறேன்."

வேலை போனாலும் போகட்டும், நாளைக் காலை ஏழு மணி போய்விடுமே என்றுதான் முனீஸ்வரிக்குக் கவலையாக இருந்தது.

சோலைராஜும் முழித்தான். "இருக்கட்டும் டாக்டர். முனீசு சரியாத்தான் பாத்திருப்பா."

"அவ பாத்தா என்ன, நான் பாத்தா என்ன? ஏறுங்க. அதுக்கு முன்னாடி பாக்கெட்ல இருக்கிறதெல்லாம் மேஜையில வைங்க."

சோலைராஜ் போனை எடுத்து வைத்தான். பர்ஸை எடுத்து வைத்தான். பிறகு முனீஸ்வரியின் முகத்தைப் பார்க்காமல், பேன்ட்டின் இரண்டு பக்கத்துப் பைகளிலும் கையை விட்டு, காய்கறிக் கடை எடைக்கல் இரண்டை எடுத்து வைத்தான். ஒவ்வொன்றும் ஒரு கிலோ.

"எண்பது வந்துட்டது தெரிஞ்சா, இவ என்னையக் காலையில எழுப்புறத நிறுத்திருவா டாக்டர்" என்றான்.