நாற்பது நிமிஷம்

“இதைவிட மெதுவான கார்டு இருக்கா, தம்பி?”

தியாகு அண்ணன் கையிலிருந்த ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தார். பன்னிரண்டு வருஷமாகக் காஜா பேராங் வட்டாரத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவர். இப்படி ஒரு கேள்வியை அவரிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

“என்ன அங்கிள், எல்லாரும் வேகமானதுதான் கேப்பாங்க!”

“சும்மாதான் கேட்டேன்,” என்றார் மருதமுத்து.

என் லேப்டாப்புக்குக் கீபோர்டு மாற்ற வேண்டும். எனக்கு முன்னால் வந்தவர்கள் அவரும் அவர் மகள் கோகிலாவும். காத்திருந்தேன்.

மேசைமேல் அவர்களுடைய டெஸ்க்டாப் மூடி கழற்றிக் கிடந்தது. ஏதோ ஓர் அலுவலகம் வேண்டாம் என்று கழித்துவிட்ட ஒல்லிப் பெட்டி. உள்ளே கிராபிக்ஸ் கார்டின் விசிறியில் பஞ்சு மாதிரித் தூசி. திரையில் கோடு கோடாக விழுகிறதாம்.

கோகிலா சுவரில் தலையைச் சாய்த்தபடியே பேசினாள். கண்ணைச் சுற்றிக் கறுப்பு.

“வீட்டிலிருந்தே கே.எல்.ல இருக்கிற ஒரு கம்பெனிக்குக் கார்ட்டூன் செய்யறேண்ணே. ஒவ்வொரு சீனும் முடிச்சதும் ரெண்டர் போடணும். அப்பதான் மிஷின் எல்லாத்தையும் படமா கோத்துத் தரும். அதுக்கே நாப்பது நிமிஷம் ஆகுது. அதுவரைக்கும் எதையும் தொட முடியாது. தொட்டா ஹேங் ஆயிடுது.”

தியாகு இரண்டு கார்டுகளை எடுத்து வைத்தார்.

“இது லோ புரொஃபைல். உங்க பெட்டிக்குள்ள அப்படியே உக்காரும். ரெண்டருக்கு முப்பது நிமிஷம் ஆகும். இது பெருசு. வேற பெட்டியும் பவர் சப்ளையும் மாத்தணும், ரெண்டும் என்கிட்டயே இருக்கு. உங்க மதர்போர்டு தாராளமா தாங்கும். ரெண்டர் அஞ்சே நிமிஷம்.”

“பெருசே போடுங்கண்ணே.”

“வேணாம் தம்பி. லோ-ன்னு ஏதோ சொன்னீங்களே, அது போதும்,” என்றார் மருதமுத்து.

“அப்பா, அது குட்டைக் கார்டு!”

“இருக்கட்டும். நம்ம வீட்டுல யாரு நெட்டை?”

எனக்குச் சிரிப்பு வந்தது. கோகிலாவுக்கு வரவில்லை.

“நாப்பது எங்க, அஞ்சு எங்க? கொஞ்சம் யோசிங்கப்பா!”

“அப்படி என்ன அவசரம்? உலகம் முழுகிடுமா?”

“உங்களுக்கு என்ன தெரியும்? ரிட்டயர் ஆயிட்டீங்க. உக்காந்து டி.வி. பாக்குறீங்க.”

மருதமுத்து சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

எனக்கு எரிச்சலாக இருந்தது. மகள் சம்பாதிக்கிறாள், மகள் வாங்குகிறாள். இவருக்கு என்ன? இதையே ஒரு மகன் கேட்டிருந்தால் இப்படிக் குறுக்கே நிற்பாரா?

கோகிலாவின் கைப்பேசி ஒலித்தது.

“சொல்லுங்க பாஸ்... ஆமா, புது கார்டு போடத்தான் வந்திருக்கேன்... இன்னும் ரெண்டு சீனா? போலே பாஸ், போலே... முடியும்...”

மலாயும் தமிழும் கலந்து பேசிக்கொண்டே கடைக்கு வெளியே போனாள்.

அவள் போனதும் மருதமுத்து மேசைமேல் குனிந்து தியாகுவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். மெல்லிய குரலில் ஏதோ சொன்னார். மேலே ஓடிய மின்விசிறிச் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. தியாகு ஒருமுறை வாசல் பக்கம் பார்த்தார். பிறகு பெரிய கார்டை மெதுவாக ஓரமாக நகர்த்தி வைத்தார்.

கோகிலா திரும்பி வந்தாள்.

“தங்கச்சி, இப்பதான் சரியா பாத்தேன். பெருசு உங்க போர்டுக்கு ஒத்து வராது. எரிஞ்சிடும்.”

“தாங்கும்னீங்களே?”

“தப்பா சொல்லிட்டேன்.”

கோகிலா அந்தப் பெரிய கார்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அப்ப முப்பது நிமிஷமா?”

“முப்பது நிமிஷம்.”

“சரி, போடுங்க,” என்று மறுபடியும் சுவரில் சாய்ந்துகொண்டாள். வாதாடக்கூட அவளிடம் தெம்பில்லை.

வேலை முடிந்தது. அவள் பெட்டியைத் தூக்கக் குனிந்தாள். “விடு விடு,” என்று மருதமுத்து அதை வாங்கித் தன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தார்.

தியாகு என் லேப்டாப்பைத் திறந்தார்.

“கீபோர்டு மட்டும் போதாது போலிருக்கே, தங்கச்சி. பேட்டரியும் வீங்கியிருக்கு.”

முன்பின் தெரியாதவர்கள் விஷயத்தில் நான் தலையிடமாட்டேன். ஆனால் இந்த முறை வாய் சும்மா இருக்கவில்லை.

“நிஜமாவா? இல்ல, அவங்ககிட்ட சொன்ன மாதிரியா?”

அவர் நிமிர்ந்து பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன்.

“அந்த அங்கிள் ஆயர் குரோவுல ஒரு ஃபேக்டரியில முப்பது வருஷம் வேலை பாத்தவராம். அங்க ஒரு தடவை புது மிஷின் வந்துச்சாம். இனிமே சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம்னு எல்லாரும் கைதட்டியிருக்காங்க. அடுத்த வாரமே டார்கெட்டை ரெண்டு மடங்கா ஆக்கிட்டானுங்களாம்.”

“அதுக்காக மகளுக்கு மெதுவான கார்டா?”

தியாகு பெரிய கார்டை அதன் அட்டைப்பெட்டிக்குள் வைத்து மூடினார்.

“‘ரெண்டர் ஓடுற நேரத்துலதான் தம்பி, என் மக தூங்குறா’ன்னாரு.”