சாமியாரின் ஈறு

"துப்பிடாதீங்க சாமி! இன்னும் கொஞ்ச நேரம் வாயிலயே வச்சிருங்க" என்றார் சர்ச் வேலைகளைக் கவனிக்கும் கோயில்பிள்ளை மதலைமுத்து.

ரெமிஜியஸ் சாமியார் கன்னத்தை உப்பிக்கொண்டு கிணற்றடியில் நின்றார். கருவேலம்பட்டைக் கஷாயம் நாக்கைச் சுருட்டி இழுத்தது. கடைசியில் துப்பிப் பார்த்தார்.

"இன்னிக்கும் ரத்தம்தான்."

"பல் டாக்டர் என்னா சொன்னாரு?"

"பல்லுல படிஞ்சிருந்த காறையைச் சுரண்டி எடுத்துட்டாரு. அதுதான் வைத்தியமாம். கஷாயம் சும்மா ஒத்தாசைக்குத்தானாம். ஆனா விடாம கொப்பளிக்கணும்னாரு."

காக்ஸ் டவுன் கோயிலுக்கு உதவிச் சாமியாராக வந்த நாளிலிருந்தே அவருக்கு இந்தக் கவலை. சனிக்கிழமை சாயங்காலம் சனங்கள் மண்டியிட்டுத் தங்கள் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்க அங்கே இரண்டு மரக்கூண்டுகள். பிரெஞ்சுக்காரரான பெரிய சாமியாரின் கூண்டு முன்னால் வாசல்வரை வரிசை நிற்கும். இவர் கூண்டுப் பக்கம் ஈ, எறும்புகூட வராது.

ஈறு கெட்டு வாயிலிருந்து வீசும் இவ்வளவு நாற்றத்துக்கு எதிரே யார்தான் மண்டியிடுவார்கள்? தன் வாய்தான் காரணம் என்று அவரே முடிவு கட்டினார். கேட்டபோது மதலைமுத்துவும் மறுக்கவில்லை.

அவமானம்கூடப் பரவாயில்லை. பெரிய சாமியார்மேல் வந்த பொறாமைதான் அவரை அரித்தது. பெரியவரோ தங்கமான மனிதர். யார் பேசினாலும் அவர்கள் முகத்தையே பார்த்துப் பொறுமையாகக் கேட்பார். இவர் தன் பாவங்களைச் சொல்ல வேண்டியதும் அவரிடம்தான். அவரிடமே போய், 'உங்கள்மேல் எனக்குப் பொறாமை' என்று எப்படிச் சொல்வது? பாவசங்கீர்த்தனத்தில் அதை மட்டும் மறைத்தார் ரெமிஜியஸ் சாமியார். மறைப்பது இன்னொரு பாவம் என்பதால் தூக்கமும் போயிற்று.

மழைக்காலம் முடிவதற்குள் ஈறு இறுகியது. ரத்தம் நின்றது. நாற்றமும் இல்லை என்று மதலைமுத்து கிட்ட வந்து முகர்ந்து பார்த்தே சத்தியம் செய்தார்.

அந்தச் சனிக்கிழமை ரெமிஜியஸ் சாமியார் ஆசையாகப் போய்க் கூண்டில் உட்கார்ந்தார். ஒருவரும் வரவில்லை. திரையை விலக்கி எட்டிப் பார்த்தார். எதிர் வரிசையில் மதலைமுத்துவே நின்றுகொண்டிருந்தார்!

சைகை காட்டி அழைத்தார். "நீங்களுமா? இப்ப என் வாய்ல என்ன குறை?"

"ஒரு குறையும் இல்ல சாமி." மதலைமுத்து தலையைச் சொறிந்தார். "பெரிய சாமிக்குக் காது சுத்தமா போச்சு. நேர்ல ஒதட்டைப் பாத்துப் புரிஞ்சிக்குவாரு. கூண்டுக்குள்ள இருட்டுல அதுவும் முடியாது. என்ன பாவத்தைச் சொன்னாலும் மூணு ஜெபம் சொல்லச் சொல்லி அனுப்பிடுவாரு. ஊருக்கே தெரியும்."

"அப்புறம் எதுக்குய்யா என்னை இத்தனை நாள் கஷாயம் கொப்பளிக்க வச்சீங்க?"

"ஈறு நெஜமாவே கெட்டுத்தானே கெடந்துது சாமி?"

ரெமிஜியஸ் சாமியார் அவரை முறைத்தார். பிறகு தன் கூண்டின் கதவைச் சாத்திவிட்டு, எதிர் வரிசையில் கடைசி ஆளாகப் போய் நின்றார்.