பிசின் ஒட்டிய கல்

"இது பிசின்தான் டீச்சர். நாப்பது வருஷம் மரத்தோட புழங்கின கை, பொய் சொல்லாது."

பெரியவர் கல்லைக் கவிழ்த்து மேசைமேல் வைத்தார். உள்ளங்கைக்குள் அடங்கும் கல்மரத் துண்டு. அதன் அடியில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தால், விடமாட்டேன் என்பதுபோல் லேசாக ஒட்டியது.

கல்லாகிப்போன மரங்களை அடையாளம் காணச் சொல்லித்தரும் மாலை வகுப்பு அது. எல்லோருமே கத்துக்குட்டிகள்தான். ஆனாலும் அசல் கல்மரத்தைத் தானே கண்டெடுத்துக் கொண்டுவந்தவர் பெரியவர் ஒருவர்தான்.

பக்கத்து நாற்காலித் தையல்காரர் எட்டிப் பார்த்தார். "மரக்கடைய நீங்க மூடினாலும் மரம் உங்கள விடமாட்டேங்குதே. கல்லாகியாவது தேடி வருது!"

"வயித்தெரிச்சல்யா உனக்கு. போன வாரம் நீ கொண்டுவந்த கல்லு, ஒரு சொட்டு வினிகர் விட்டதும் சோடா மாதிரி பொங்கிச்சே!"

வகுப்பே சிரித்தது. டீச்சர் சிரித்துக்கொண்டே கல்லை வாங்கினாள். கத்தி முனையால் கீறினாள், கீறல் விழவில்லை. வினிகர் விட்டாள், நுரைக்கவில்லை. லென்ஸ் வைத்துப் பார்த்தபோது வளையங்கள் வரிவரியாகத் தெரிந்தன.

"அசல் கல்மரம்தான் ஐயா" என்றவள், அடிப்பக்கத்தைத் திருப்பியதும் நிறுத்தினாள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். பிறகு அவருக்கு மட்டும் கேட்கும்படி குரலைத் தாழ்த்தினாள்.

"மரத்துப் பிசினும் காலப்போக்குல இறுகிக் கெட்டியாயிடும் ஐயா. இத்தனை யுகம் கழிச்சுக் கையில ஒட்டாது."

"அப்ப இது?"

"ஓரத்தப் பாருங்க, சதுரமா இருக்கு. கடையில விலைச்சீட்டு ஒட்டியிருந்த பசை. யாரோ சுரண்டி எடுத்திருக்காங்க."

தையல்காரருக்கும் காதில் விழுந்திருக்க வேண்டும். தொண்டைவரை வந்த கிண்டலை விழுங்கிக்கொண்டு, தன் கூழாங்கல்லைத் துடைக்க ஆரம்பித்தார்.

வீட்டுக்கு நடக்கும்போது பெரியவருக்கு ஒவ்வொன்றாக விளங்கியது. ஞாயிறுதோறும் மகன்தான் காரில் ஆற்றங்கரையில் கொண்டுவந்து விடுவான். "அந்தப் பாறைக்குப் பின்னால பாருங்கப்பா. சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போறேன்" என்பான். அவன் கை காட்டிய இடத்தில்தான் கல் கிடைக்கும். அதுவும் மணலில் புதையாமல், கண்மங்கிய கிழவனுக்கும் தெரியும்படி மேலாக. இதற்கு முன்னால் வளையம் வளையமாக ஒன்று கிடைத்தது. அப்புறம் புள்ளி புள்ளியாகப் பனை வகை. இரண்டும் ஒரே மணல்திட்டிலா என்று டீச்சர்கூட அப்போது புருவம் உயர்த்தினாள்.

கல் அவரைத் தேடி வரவில்லை. மகன் காசு கொடுத்து வாங்கிப் போட்டிருக்கிறான்.

முதலில் கோபம்தான் வந்தது. தெருமுனை திரும்புவதற்குள் அது கரைந்துவிட்டது.

வீட்டை மகன் பேருக்கு எழுதிவைத்த மையின் ஈரம் காய்வதற்குள் அவன் விற்கலாம் என்றான். "உங்கம்மா உயிர விட்ட வீடுடா இது. நான் கண்ண மூடினப்புறம் என்னவோ பண்ணிக்கோ, கல்நெஞ்சுக்காரா!" என்று இவர் கத்தினார். அதன்பின் இருவருக்கும் முகம் கொடுத்துப் பேச்சில்லை.

ஒருநாள் மகனே இறங்கி வந்தான். இந்த வகுப்பில் சேர்த்துவிட்டதும் அவன்தான். வீட்டுப் பேச்சையே அதற்கப்புறம் எடுக்கவில்லை. மருமகளும் மாறிப்போனாள். ஞாயிறு சாயங்காலம் அவர் திரும்பினால் அறை கண்ணாடி மாதிரி இருக்கும். மருந்து சீசாக்கள் அலமாரிக்குள் போயிருக்கும், கட்டிலில் புது விரிப்பு கிடக்கும்.

அப்பன் வெறுங்கையோடு திரும்பக் கூடாதென்று கல் வாங்கிப் போடுகிற பிள்ளையை எந்த வாயால் திட்டுவது? திட்டிய வாயைத்தான் அடித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த ஞாயிறு அவர் எதுவும் தெரியாதவர்போல் காரில் ஏறினார். மகன் இறக்கிவிட்டான், கை காட்டினான், போய்விட்டான். பாறைக்குப் பின்னால் கல் காத்திருந்தது. கவிழ்த்துத் தடவிப் பார்த்தார். இந்தத் தடவை பசை துளியும் இல்லை. பய தேறிட்டான் என்று தனக்குள் சிரித்துக்கொண்டார்.

சாயங்காலம்வரை காத்திருக்க மனம் பொறுக்கவில்லை. சாலைக்கு ஏறிப் பஸ் பிடித்தார். வழியெல்லாம் மகனிடம் சொல்லப்போவதை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தார். "கண்டுபிடிச்சிட்டேண்டா. கல்ல இல்ல, உன்ன."

வீட்டுக் கதவு விரியத் திறந்திருந்தது. வாசலில் தெரியாத செருப்புகள் கிடந்தன. அவருடைய அறையில் புது விரிப்பு போட்ட கட்டிலைச் சுவரோரம் தள்ளிவிட்டு, யாரோ ஒரு தம்பதி சுவருக்குச் சுவர் டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தார்கள்.

கல்லைக் கையில் பிடித்தபடி அவர் நிலைப்படியிலேயே நின்றார். சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு உள்ளிருந்து வந்த ஒருவன் அவரைப் பார்த்துப் பணிவாகச் சிரித்தான்.

"நீங்களும் வீடு பாக்க வந்தவரா? சீக்கிரம் பாத்துடுங்க சார், கல்லுப் பொறுக்கப் போன கிழவர் சாயங்காலம் வந்துடுவாரு."