இரண்டாவது கம்ப்யூட்டர்

வீட்டில் ஆள் இல்லாத அறையில் விளக்கு எரிந்தால் குடோன் மேனேஜருக்கு வயிறு எரியும். அப்படிப்பட்டவரிடம் போய், "ஏங்க, எனக்குன்னு தனியா ஒரு நெட் கனெக்‌ஷன் வாங்கித் தாங்களேன்" என்று அவர் மனைவி கேட்டாள். பாவம், கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும் அவளுக்கு விவரம் போதவில்லை.

"ஒரே வீட்டுக்கு ரெண்டு கனெக்‌ஷனா? ஏன், ரெண்டு வாசல், ரெண்டு கூரைன்னு கட்டிடலாமே!"

ஆனாலும் மேனேஜர் ஒன்றும் கல்நெஞ்சக்காரர் இல்லை. குடோனில் கழித்துப் போட்டிருந்த பழைய கம்ப்யூட்டரைத் தூக்கி வந்து மனைவியின் அறையில் வைத்தார். தன்னுடைய கம்ப்யூட்டரிலிருந்து ஒரு நீலக் கேபிளை இழுத்து, மிதியடிக்கு அடியில் ஓட்டி, அதில் செருகினார். கேபிளும் குடோனில் சும்மா கிடந்ததுதான். இவர் கம்ப்யூட்டர் ஓடினால் அவளுக்கு நெட் வரும். இவர் அணைத்தால் அவளுக்கும் போய்விடும். குடும்பத் தலைவர் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று அவருக்கே தன்மேல் பெருமையாக இருந்தது.

இதில் ஒரு சின்னச் சிக்கல். அவர் எடுத்திருந்தது இருப்பதிலேயே மலிவான திட்டம். அதில் ஒரு கம்ப்யூட்டருக்குத்தான் அனுமதி, மீறினால் அபராதம். ஒருநாள் நெட் கம்பெனியிலிருந்து போன் வந்தது. பேச்சு பதிவு செய்யப்படும் என்று எடுத்த எடுப்பிலேயே சொன்னார்கள். அதனால் மேனேஜர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு கணீரென்று பேசினார்.

"எங்க வீட்ல நெட்ல இருக்கிறது ஒரே கம்ப்யூட்டர்தான் சார். அதையும் நான் ஒருத்தன்தான் தொடுவேன். எங்க வீட்டம்மாவுக்கும் நெட்டுக்கும் சம்பந்தமே கிடையாது!"

பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்த வீட்டம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

ஒரே கேபிளில் இன்னொரு வசதியும் இருந்தது. அவள் பார்ப்பதெல்லாம் இவர் கம்ப்யூட்டர் வழியாகத்தானே போயாக வேண்டும்? அதைத் திரையின் மூலையில் ஒரு கட்டத்தில் காட்டும் சாஃப்ட்வேர் இலவசமாகக் கிடைத்தது. இலவசம் என்றால் மேனேஜர் விடுவாரா? போட்டுக்கொண்டார். தையல், தொடர்கதை, பூனை வீடியோ என்று ஓடியதைப் பார்த்துப் பார்த்துக் கொட்டாவி விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அந்தக் கட்டத்தில், 'ருசியும் வாசனையும் இல்லாத விஷங்கள்' என்று ஓடியது.

கொட்டாவி பாதியில் நின்றது. அடுத்தது வந்தது: 'தூக்கத்தில் இறந்தால் போஸ்ட்மார்ட்டம் கட்டாயமா?' அதற்கடுத்து: 'வாழ்க்கைத் துணை இறந்தால் வீடு யாருக்கு?'

புருஷன் என்று பட்டென்று போடாமல் வாழ்க்கைத் துணையாம். கொல்ல நினைக்கிற நேரத்திலும் என்ன ஒரு மரியாதை!

"ஏங்க, டீ ஆறுது பாருங்க" என்று வந்து நின்றாள் மனைவி.

"வேணாம்மா. வயிறு சரியில்ல."

அன்றிலிருந்து அவர் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நிஜமாகவே பயந்து போயிருந்தார். அவள் சிரித்தால் குலை நடுங்கியது, சிரிக்காவிட்டால் அதைவிட நடுங்கியது. கேபிளைப் பிடுங்கிவிடலாம்தான். ஆனால் அவள் உஷாராகிவிடுவாளே! மூன்று வேளையும் ஹோட்டலில் சாப்பிட்டார். உயிர் பயத்தைக்கூட ஒரு மாதிரி சமாளித்தார், ஹோட்டல் பில்லைத்தான் தாங்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் குடோனிலிருந்து நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தார்.

"சார், என் சம்சாரம் எனக்கு விஷம் வைக்கப் பார்க்கிறா. நெட்ல என்னென்ன தேடியிருக்கா தெரியுமா?"

அவர் முதலிரண்டைச் சொன்னதும் இன்ஸ்பெக்டரே மூன்றாவதைச் சொன்னார். "வாழ்க்கைத் துணை இறந்தால் வீடு யாருக்கு. அதானே?"

"சார்! உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கம்பெனிக்காரங்க குடுத்தாங்க. எல்லாம் உங்க பேர்ல இருக்கிற கனெக்‌ஷன்லேருந்துதான் போயிருக்கு."

"கனெக்‌ஷன் என்னுதுதான் சார். ஆனா…"

இரண்டு கம்ப்யூட்டர் என்று சொன்னால் கம்பெனி அபராதம் போட்டுவிடுமே என்று நாக்கு இழுத்தது. உயிரா, அபராதமா? மேனேஜர் சற்று யோசித்துத்தான் உயிர் என்று முடிவெடுத்தார்.

"ஆனா தேடினது அவ கம்ப்யூட்டர்லேருந்து. நான்தான் கேபிள் போட்டுக் குடுத்தேன்."

இன்ஸ்பெக்டர் மேஜைமேல் இருந்த போனைத் தட்டினார். 'அதையும் நான் ஒருத்தன்தான் தொடுவேன். எங்க வீட்டம்மாவுக்கும் நெட்டுக்கும் சம்பந்தமே கிடையாது!' என்று மேனேஜரின் குரலே கணீரென்று கேட்டது.

"காலையில உங்க வீட்டுக்குப் போய்ப் பார்த்தோம். அவங்க கம்ப்யூட்டர்ல எந்தக் கேபிளும் இல்ல."

"மிதியடிக்கு அடியில சார்! நீலக் கலரு!"

"அங்கேயும் பார்த்தாச்சு. சுத்தமா பெருக்கி வச்சிருக்காங்க."

இன்ஸ்பெக்டர் எழுந்து தொப்பியை மாட்டிக்கொண்டார்.

"'வீட்டுக்காரர் எனக்கு விஷம் வைக்கப் பார்க்கிறார், ஞாயித்துக்கிழமைலேருந்து வீட்டுச் சாப்பாட்டை அவர் மட்டும் தொடுறதே இல்ல'ன்னு உங்க சம்சாரம் செவ்வாய்க்கிழமையே புகார் குடுத்துட்டாங்க, நீங்களே நடந்து வந்ததுல எங்களுக்கு ஜீப்புக்கு டீசல் மிச்சம் சார்."